பாய்லர் முள் இறங்கினால் உடனே தரையை உடைக்காதீர்கள்

வீட்டில் சென்ட்ரல் ஹீட்டிங் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாய்லரில் இருக்கும் பிரஷர் முள் பூஜ்யத்துக்குப் போகிறது, தண்ணீர் விட்டு ஏற்றினால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடுகிறது, மறுபடியும் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. இந்தக் கூத்து உங்கள் வீட்டிலும் நடந்தால், யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஒரு குளிர்காலத்தின் பெரும்பகுதி இதிலேயே போனது. ஹாலில் தரை உடைந்தது, கெடாத பாகத்தையெல்லாம் மாற்றிப் பணம் கொடுத்தேன், புதுப் பாய்லருக்கு முன்பணம் கட்டும் நிலை வரை போய்த் திரும்பினேன். கடைசியில் பார்த்தால், கிழிந்திருந்தது ஒரு ரப்பர் சவ்வு. அது கிழிந்திருக்கிறது என்பதை அந்த முள்ளே தினமும் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை எப்படிப் படிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கதைக்குப் போகும் முன் இந்த அமைப்பைப் பற்றி இரண்டு வரி. பாய்லர் சூடாக்கும் தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறையின் ரேடியேட்டருக்கும் போய், சூட்டை இறக்கிவிட்டு, பாய்லருக்கே திரும்பி வருகிறது. அதே தண்ணீர்தான் வருடக்கணக்கில் சுற்றும். நாம் குளிக்கும் வெந்நீர் வேறு, இது வேறு. இது நாலாபுறமும் மூடிய சுற்று. முள் காட்டும் அழுத்தத்தை ‘பார்’ என்ற அளவில் சொல்வார்கள். தண்ணீர் ஆறியிருக்கும்போது முள் பொதுவாக 1 பாருக்கும் 1.5 பாருக்கும் நடுவில் நிற்க வேண்டும். 1 பார் அழுத்தம் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும். அதனால் சாதாரண மாடி வீட்டுக்கு அதுவே தாராளம். முள் மிகவும் கீழே போனால், பல பாய்லர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். திரையில் ஏதோ ஒரு எண் மின்னும். வீடு குளிரத் தொடங்கும்.

என் பாய்லரும் அப்படித்தான் முதலில் நின்றது. கையேட்டைப் புரட்டினேன், போனில் ஒருவரிடம் கேட்டேன். பாய்லருக்கு அடியில் இருக்கும் வளைந்த குழாயின் திருகைத் திறந்து, முள் 1.2-க்கு வந்ததும் மூடு என்றார்கள். திறந்தேன். உஸ்ஸென்று தண்ணீர் ஏறும் சத்தம், முள் மெல்ல உயர்ந்தது, பாய்லர் உயிர் பெற்றது. பெரிய வித்தை கற்றுக்கொண்ட மாதிரி இருந்தது. அந்தப் பெருமிதம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. முதலில் சில நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விட்டேன். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். அப்புறம் காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் அந்தத் திருகைத் திறப்பதே வேலையாகிவிட்டது.

இங்கே ஒரு விஷயம். எப்போதோ ஒரு முறை, வருடத்தில் ஒன்றிரண்டு தடவை கொஞ்சம் தண்ணீர் விட வேண்டியிருந்தால் அது பெரிய நோய் இல்லை. ரேடியேட்டரில் காற்றுப் பிடித்திருந்து அதைத் திறந்துவிட்டால்கூட முள் சற்று இறங்கும். ஆனால் வாரா வாரம் என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது, தண்ணீர் விடுவது அதற்கு மருந்து ஆகாது. அதோடு, குழாயிலிருந்து நாம் விடும் ஒவ்வொரு சொட்டுப் புதுத் தண்ணீரும் தன்னோடு ஆக்ஸிஜனையும் உப்பையும் கொண்டுவருகிறது. உள்ளே இருப்பதோ இரும்பு ரேடியேட்டர். பழைய தண்ணீரில் இருந்த ஆக்ஸிஜன் தீர்ந்ததும் துரு பெரும்பாலும் அடங்கிவிடும். தினமும் புதுத் தண்ணீர் விட்டால் தினமும் துருவுக்குத் தீனி போடுகிறோம் என்று அர்த்தம். அதன் விளைவை நான் பிறகு பார்த்தேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வந்த மெக்கானிக் எல்லா ரேடியேட்டரிலும் காற்றைத் திறந்துவிட்டார், முள்ளை ஏற்றினார், ‘இனிமேல் வராது’ என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். மறுநாளே வந்தது. போன் செய்தால், பழைய வீட்டில் இதெல்லாம் சகஜம் என்றார். அவர் வேலையைப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த லாபம், ரேடியேட்டரில் காற்று எடுப்பது எப்படி என்று தெரிந்ததுதான். ஹீட்டிங்கை அணைத்து, ஆறவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகை அதற்குரிய சாவியால் அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். கீழே ஒரு துணி. காற்று சீறி முடிந்து தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட வேண்டும். ரேடியேட்டரின் மேல்பாதி குளிர்ந்து கீழ்பாதி சூடாக இருந்தால்தான் காற்றுப் பிடித்திருக்கிறது. கீழே, நடுவில் குளிர்ந்து மேலே சூடாக இருந்தால் அது காற்று இல்லை, அடியில் சேறு படிந்திருக்கிறது. எத்தனை தடவை திறந்தாலும் அது போகாது. இன்னொன்று, உள்ளே துரு வேலை நடக்கும் அமைப்பில் வெளியே வருவது வெறும் காற்றாக இல்லாமல் ஹைட்ரஜனாகவும் இருக்கலாம். அது தீப்பிடிக்கும். அதனால் திருகைத் திறக்கும்போது பக்கத்தில் மெழுகுவர்த்தி, லைட்டர் எதுவும் வேண்டாம்.

அடுத்து வந்தவர் பேச்சிலேயே கெட்டிக்காரர். பாய்லரை ஒரு பார்வை பார்த்தார், முள்ளைத் தட்டினார், ‘லீக் இருக்கிறது, தரைக்கு அடியில்’ என்று தீர்ப்பு சொன்னார். முதலில் லீக்கை அடைக்கும் திரவம் ஒன்றை உள்ளே ஊற்றினார். அதற்கு ஒரு தொகை. பலனில்லை. பிறகு ஒரு ரேடியேட்டரின் வால்வை மாற்றினார். அதற்கும் ஒரு தொகை. பலனில்லை. அப்புறம்தான் ஹாலில் தரையைத் திறக்க வேண்டும் என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வேறு வழியும் தெரியவில்லை, வீடோ குளிர்ந்துகொண்டிருக்கிறது, சரி என்றேன். இயந்திரம் வைத்து அறுத்த தூசி அலமாரிக்குள் மடித்து வைத்த துணி வரைக்கும் போனது. திறந்து பார்த்தால் குழாய் புழுதி படிந்து, எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. அவர் கொஞ்சமும் அசரவில்லை. ‘அப்படியானால் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும்’ என்று அடுத்த சதுரத்துக்குச் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தார். அங்கேதான் நிறுத்தினேன். அன்றைக்கு வந்த ஆத்திரம் பணத்துக்காக மட்டும் இல்லை. அந்தக் கோட்டைப் போடுவதற்கு அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை என்பது எனக்கே தெரிந்துபோனதால் வந்த ஆத்திரம்.

தரையைத் தொடுவதற்கு முன் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. கருவி தேவையில்லை, ஒரு ராத்திரி போதும். பெரும்பாலான பாய்லர்களுக்கு அடியில், ரேடியேட்டர்களுக்குத் தண்ணீர் போகும் குழாயிலும் திரும்பி வரும் குழாயிலும் ஒவ்வொரு அடைப்பு வால்வு இருக்கும். பாய்லரை அணைத்து, மின்சாரத்தையும் நிறுத்தி, ஆறிய பிறகு முள்ளை 1.5-க்குக் கொண்டுவந்து அந்த இரண்டு வால்வையும் மூடிவிட வேண்டும். இப்போது பாய்லர் தனி, வீட்டுக் குழாய்கள் தனி. முள் காட்டுவது பாய்லருக்குள் இருக்கும் அழுத்தத்தை மட்டும்தான். காலையில் முள் இறங்கியிருந்தால் ஓட்டை பாய்லர் பக்கம். அப்படியே நின்று, வால்வைத் திறந்ததும் சரேலென்று இறங்கினால் வீட்டுக் குழாயில் லீக். அப்போதுதான் தரையைப் பற்றிப் பேசலாம். வால்வுகள் மூடியிருக்கும்போது பாய்லரை ஓட்டவே கூடாது. பழைய வால்வு இறுகியிருந்தால் பலம் போட்டுத் திருகவும் கூடாது, அதுவே ஒழுக ஆரம்பித்துவிடும். இரண்டு பக்கமும் முள் அசையாமல் இருந்தால்? அதுவும் ஒரு பதில்தான். ஆறியிருக்கும்போது ஒழுகவில்லை, சூடாகும்போது மட்டும் எங்கோ தண்ணீர் போகிறது. என் வீட்டில் கடைசியில் வந்த பதில் அதுதான்.

இன்னொரு எளிய சோதனை, காய்ந்த டிஷ்யூ காகிதம். ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வையும், இணைப்பையும் சுற்றித் துடைத்துப் பாருங்கள். சூடான குழாயில் சின்ன லீக் இருந்தால் தண்ணீர் சொட்டாது, வெளியே வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். ஆனால் தடம் விட்டுப் போகும். செம்பு இணைப்பில் பச்சையாகப் பூத்திருக்கும், மற்ற இடத்தில் வெள்ளையாகவோ துரு நிறத்திலோ பொருக்குத் தட்டியிருக்கும். வீட்டுக் காப்பீடு வைத்திருப்பவர்கள் தரையை உடைக்கும் முன்பே காப்பீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உடைத்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

இந்தக் கட்டத்தில் வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். அம்மா என்னோடு இருந்தார். குளிர் கூடினால் அவருக்கு முழங்கால் மடங்காது. ஒரே அறையில் இருவரும் படுத்தோம், அங்கே மட்டும் ஒரு மின்சார ஹீட்டர். மற்ற அறைகளின் கதவை மூடி, கதவடியில் துண்டைச் சுருட்டி வைத்தோம். மின்சார பில் வந்தபோது அது இன்னொரு அதிர்ச்சி. அந்த மாதிரி ஹீட்டரை நேராகச் சுவர் பிளக்கில்தான் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயரில் போட்டால் ஒயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ வெளியில் வைத்துச் சமைக்கும் கேஸ் அடுப்பையோ வீட்டுக்குள் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. கேஸ் பாய்லர் இருக்கும் வீட்டில் அதற்கான அலாரம் இருந்தே ஆக வேண்டும், பாய்லர் நன்றாக ஓடினாலும்.

திருப்பம் அம்மாவால்தான் வந்தது. சமையலறை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், “ஏன்டி, அந்தப் பைப்புக்குக் கீழ மட்டும் ஐஸ் கட்டியிருக்கே, சுத்தி எல்லாம் காய்ஞ்சுல்ல கிடக்கு?” என்றார். பாய்லர் மாட்டியிருக்கும் சுவரின் வெளிப்பக்கம், விரல் தடிமனில் ஒரு செம்புக் குழாய் எட்டிப் பார்த்து, வளைந்து சுவரை நோக்கி நிற்கும். அதை நான் பார்த்திருக்கிறேன், எதற்கு என்று யோசித்ததில்லை. போய்ப் பார்த்தேன். குழாய்க்கு நேர் கீழே, சுவரில் ஒரு கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. அதன் அடியில் தரையில் தட்டு அளவுக்குப் பனிக்கட்டி, அதுவும் பழுப்பு. குழாயின் நுனியில் ஒரு சொட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. மாதக்கணக்கில் தேடிய லீக் இது. தரைக்கு அடியில் இல்லை, ஜன்னலுக்கு வெளியே.

அது பாய்லரின் சேஃப்டி வால்வு குழாய். உள்ளே அழுத்தம் பொதுவாக 3 பாரைத் தொட்டால் அந்த வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும், பாய்லர் வெடிக்காமல் இருக்க. அப்படியானால் ஆறியிருக்கும்போது 1.2 காட்டும் முள் எப்போது 3-க்குப் போகிறது? அன்றைக்குத்தான் முதன்முதலாக ஹீட்டிங்கைப் போட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு முள்ளுக்கு எதிரில் உட்கார்ந்தேன், கையில் பேனா. ஆரம்பத்தில் 1.2. ரேடியேட்டர் சூடேற ஏற 1.8. கொஞ்ச நேரத்தில் 2.5. பிறகு 3-க்குப் பக்கத்தில் போய் நடுங்கி நின்றது. வெளியே குழாயில் சொட்டு, தாரையானது. ஹீட்டிங்கை அணைத்து ஆறியதும் பார்த்தால் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. அதுவரை வந்த எல்லோரும் முள் இறங்கிக் கிடப்பதை மட்டும்தான் பார்த்தார்கள். அது ஏறியதை யாரும் பார்க்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் பாய்லர் அணைந்த பிறகுதானே வந்தார்கள்.

ஏன் ஏறுகிறது என்பதற்குக் காரணம் எளிது. தண்ணீர் சூடானால் விரியும். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடும். வீட்டுச் சுற்றில் 100 லிட்டர் தண்ணீர் இருந்தால் ஏறக்குறைய 3 லிட்டருக்கு இடம் வேண்டும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, குழாயும் விரிந்து கொடுக்காது. அதற்காகத்தான் எக்ஸ்பான்ஷன் வெசல் என்று ஒரு இரும்புக் கலம் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பாய்லருக்குள்ளேயே பின்பக்கம் இருக்கும். சில வீடுகளில் வெளியே சிவப்பு நிறத்தில் தனியாகத் தெரியும். கலத்தின் நடுவில் ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அடைத்த காற்று. தண்ணீர் விரியும்போது சவ்வு காற்றை அமுக்கி இடம் கொடுக்கும், ஆறினால் காற்று தண்ணீரைத் திருப்பித் தள்ளும். அந்தக் காற்று இறங்கிப்போனாலோ சவ்வு கிழிந்தாலோ விரிகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. முள் ஏறும், வால்வு திறக்கும், வெளியே கொட்டும். ஆறியதும் கொட்டிய தண்ணீரின் அளவுக்கு உள்ளே குறையும், முள் பூஜ்யம். நாம் மறுபடி தண்ணீர் விடுவோம். ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்த கதைதான்.

ஆகவே, ஆறியிருக்கும்போது முள் எங்கே, நன்றாகச் சூடேறியபின் எங்கே என்று இரண்டு எண்ணையும் எழுதி வையுங்கள். ஒழுங்கான அமைப்பில் சூடானால் அரை பார், முக்கால் பார் ஏறுவது வழக்கம். 3-ஐ நெருங்கினால் முதல் சந்தேகம் எக்ஸ்பான்ஷன் வெசல் மேல்தான் வர வேண்டும். சூடேறினாலும் ஏறாமல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் லீக் என்று நினைக்கலாம். இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. ஹீட்டிங்கையே போடாதபோதும் முள் தானாக ஏறுகிறது என்றால், தண்ணீர் விடும் அந்தத் திருகு முழுதாக மூடவில்லை, குழாய்த் தண்ணீர் உள்ளே கசிகிறது. திருகு சரியாகவே மூடியிருந்து, குளியலுக்கும் அதே பாய்லர்தான் வெந்நீர் தருகிறது என்றால், உள்ளே இருக்கும் தட்டு வடிவ வெப்பமாற்றியில் ஓட்டை விழுந்திருக்கலாம். ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறு, கடைசியில் பாய்லர் அணைந்து வீடு குளிரலாம். முள்ளைக் கவனித்தவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

வெளிக்குழாயில் சொட்டுகிறதா என்று சந்தேகமாக இருந்தால், நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டிவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தளர்வாக என்பது முக்கியம். அங்கிருந்து கொதிக்கும் தண்ணீர் பீறிட்டு வரலாம், அதனால் பாய்லர் ஓடும்போது அருகில் கை வைக்க வேண்டாம். நான் தொட்டுப் பார்த்த சொட்டு வெதுவெதுப்பாக இருந்தது என் நல்ல நேரம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வெளியே சொட்டுகிறது என்று ஒருவரிடம் சொன்னபோது, அந்தக் குழாயின் நுனியை அடைத்துவிடு, தண்ணீர் குறையாது என்று யோசனை சொன்னார். கேட்கச் சாமர்த்தியமாகத்தான் இருக்கும். அடைத்தால் பாய்லரின் கடைசிப் பாதுகாப்பு போயிற்று. எவ்வளவு தெரிந்தவர் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இதற்கிடையில் பாய்லர் விற்கும் ஒரு நிறுவனத்திலிருந்தும் ஒருவரை வரவழைத்திருந்தேன். அவர் வெசல் கெட்டிருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அது பாய்லரின் முதுகுப்பக்கம் இருக்கிறது, எடுக்க வேண்டுமானால் பாய்லரையே சுவரிலிருந்து கழற்ற வேண்டும், அந்தக் கூலிக்குப் புதுசே வாங்கிவிடலாம் என்று ஒரு விலைப்பட்டியலை நீட்டினார். சலித்துப்போயிருந்த எனக்கு அது நியாயமாகவே பட்டது. வீடு சூடானால் போதும் என்று இருந்தேன். கையெழுத்துப் போடும் முன் இன்னும் ஒரே ஒருவரைக் கேட்போம் என்று தோன்றியது. எந்த சாமி புண்ணியமோ.

கடைசியாக வந்தவர் அரசு உரிமம் பெற்ற, வயதான மெக்கானிக். நான் எழுதி வைத்த தாளை நீட்டினேன். 1.2, 1.8, 2.5, 3, பூஜ்யம். படித்துவிட்டுச் சிரித்தார். பாய்லரின் உறையைக் கழற்றி, வெசலின் காற்று வாயைக் காட்டினார். கார் டயரில் இருப்பது போன்ற அதே வால்வு, சின்ன மூடி போட்டது. அதன் நடு ஊசியை அமுக்கினால் காற்று சீற வேண்டும். காற்று வந்தால் சவ்வு நன்றாக இருக்கிறது, எதுவுமே வராவிட்டால் காற்று இறங்கிப்போயிருக்கிறது, பம்ப் வைத்து அடித்தால் சரியாகக்கூடும். அவர் அமுக்கினார். கறுப்பாகத் தண்ணீர் வந்து அவர் கட்டைவிரல் வழியாக மணிக்கட்டுக்கு இறங்கியது. ‘சவ்வு கிழிந்துவிட்டது’ என்றார். பார்த்த நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது.

புதுப் பாய்லர் வேண்டுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். பாய்லருக்குள் இருக்கும் வெசலை மாற்ற முடியாவிட்டால், தண்ணீர் பாய்லருக்குத் திரும்பி வரும் குழாயில் வெளியே ஒரு வெசலை மாட்டிவிடலாம், வேலை ஒன்றேதான். அப்படியே மாட்டினார். கூடவே சேஃப்டி வால்வையும் மாற்றினார். அது எதற்கு என்று கேட்டேன். மாதக்கணக்கில் திறந்து மூடிய வால்வின் வாயில் துருத்தூள் உட்கார்ந்திருக்கும், இனி அழுத்தம் சரியானாலும் அது முழுதாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும் என்று விளக்கினார். வெசலை மட்டும் மாற்றிவிட்டு வால்வை விட்டால், கோளாறு இன்னும் தீரவில்லை என்று தோன்றும். இதை நினைவில் வையுங்கள். இரண்டுக்கும் கூலிக்கும் சேர்த்து ஆன செலவு, அந்த நிறுவனம் சொன்ன புதுப் பாய்லர் விலையில் ஒரு சிறு பங்கு. ஹாலில் தரையை உடைத்து மறுபடி பூசிய செலவைவிடவும் குறைவு. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

காற்று மட்டும் இறங்கிப்போன வீட்டுக்கு ஒரு குறிப்பு. வெசலில் காற்றை அளப்பதும் அடிப்பதும் தண்ணீர்ப் பக்கத்தின் அழுத்தத்தைப் பூஜ்யமாக்கி, வடிகால் திருகைத் திறந்து வைத்த பிறகுதான். தண்ணீர் அழுத்தம் இருக்கும்போது அளந்தால், காற்றைத் தண்ணீர் அமுக்குவதால் பொய்க்கணக்குக் காட்டும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும், வீட்டுப் பாய்லர்களில் பெரும்பாலும் 0.75-லிருந்து 1 பார் வரை. வெளியே தனியாக இருக்கும் வெசல் என்றால் கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்துவிடலாம். பாய்லர் உறைக்குள் இருப்பதென்றால், அதுவும் கேஸ் பாய்லர் என்றால், உரிமம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். பல பாய்லர்களில் அந்த உறையும் புகை வெளியேறும் அமைப்பின் ஒரு பகுதி. சரியாக மூடாவிட்டால் விஷவாயு வீட்டுக்குள் வரலாம்.

பிரஷர் நின்றது. ஆனால் இரண்டு ரேடியேட்டர்கள் அடியில் சூடேறவே இல்லை. நான் முன்னால் சொன்ன துருவின் வேலை. அவர் ஒன்றைக் கழற்றி வெளியே கொண்டுபோய்ச் சாய்த்தார். மை மாதிரிக் கறுத்த குழம்பு கொட்டியது. பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து அதில் காட்டினார். குழம்பு முள் முள்ளாக எழுந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. மேக்னடைட் என்கிற இரும்பு ஆக்ஸைடு அது. சாதாரணச் சேறு என்றால் காந்தத்துக்கு அசையாது. முழுச் சுற்றையும் அலசி, துருவைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் திரவம் ஊற்றி, திரும்பி வரும் குழாயில் ஒரு காந்த வடிகட்டியையும் போட்டுவிட்டுப் போனார். முன்னால் ஒருவர் லீக் அடைக்கும் திரவம் ஊற்றியிருந்ததைச் சொன்னதும் முகம் சுளித்தார், அலசலை இன்னொரு தடவை செய்தார். உங்கள் வீட்டில் யாராவது எதையாவது உள்ளே ஊற்றியிருந்தால் அடுத்து வருபவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். பெயரையும் தேதியையும் எழுதி பாய்லர் மேலேயே ஒட்டி வைப்பது இன்னும் நல்லது.

தரையை உடைத்தவரிடம் பணத்தைக் கேட்டுப் பார்த்தேன். ‘நீங்கள் சம்மதித்துத்தானே திறந்தேன்’ என்றார். எழுத்தில் எதுவும் இல்லை, அவர் பில்லில் ‘பழுதுபார்ப்பு’ என்ற ஒற்றைச் சொல் மட்டும். அதனால் இப்போதெல்லாம் யார் வந்தாலும், எந்தச் சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்கிறேன், பில்லில் அதை எழுதச் சொல்கிறேன், கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறேன். வேலை தெரிந்தவர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை. அந்த வயதானவர் கிழிந்த சவ்வைக் கேட்காமலே காட்டியிருப்பார், அது பாய்லரின் முதுகுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

வருட சர்வீஸ் செய்தும் இது எப்படித் தப்பியது என்று அவரிடம் கேட்டேன். வெசலின் காற்றை அளக்க அழுத்தத்தை இறக்கி, அளந்து, மறுபடி ஏற்ற வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும், அதனால் பலர் அதைத் தொடுவதில்லை என்றார். எனவே குளிர்காலத்துக்கு முன் சர்வீஸுக்குச் சொல்லும்போதே, போனிலேயே, ‘எக்ஸ்பான்ஷன் வெசலின் காற்றையும் பார்ப்பீர்களா?’ என்று கேட்டுவிடுங்கள். பார்ப்பதில்லை என்றால் வேறு ஆளைத் தேட அப்போது நேரம் இருக்கும். முள் பூஜ்யத்தில் கிடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் யார் கிடைத்தாலும் சரி என்றுதான் தோன்றும்.